சொடக்கு டாக்டர்

என் அண்ணி இப்போது ஒரு மெத்தைக் கடையில் வேலை பார்க்கிறார். வருகிறவர்கள் மெத்தையில் படுத்துப் பார்ப்பார்கள். எந்தப் பக்கம் திரும்புகிறார்கள், எழுந்திருக்கும்போது எந்தக் கையை ஊன்றுகிறார்கள் என்று பார்த்தே இடுப்பில் எங்கே கோளாறு என்று அண்ணிக்குத் தெரிந்துவிடும். ஆனால் வாயைத் திறக்க மாட்டார். "இது கொஞ்சம் கெட்டியா இருக்கும், உங்களுக்கு நல்லது" என்பதோடு சரி. கடை முதலாளிக்கு அண்ணியிடம் ஒரே குறைதான்: விலை அதிகமான மெத்தையை யார் தலையிலும் கட்டத் தெரியவில்லை.

பன்னிரண்டு வருடம் சொந்தமாகக் கிளினிக் நடத்தியவர் இவர். கைரோபிராக்டர். மருந்து மாத்திரை எதுவும் கிடையாது. கையாலேயே முதுகெலும்பையும் இடுப்பு மூட்டையும் சரிசெய்கிற வேலை. அதற்காக ஐந்து வருடம் படித்தார். ஆனால் அந்தப் பெயர் எங்கள் தெருவின் வாயில் நுழையவில்லை. பழைய நோயாளி ஒருவர் கழுத்தில் கேட்ட சத்தத்தை வைத்து "சொடக்கு டாக்டர்" என்று பெயர் வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. வழி கேட்டு வருகிறவர்களுக்கு டயர் கடைக்காரர், "சொடக்கு டாக்டரா? நேரா போய் இடது பக்கம்" என்று விரலைச் சொடுக்கிக் காட்டுவார்.

நான் அவருக்கு நாத்தனார். கட்டினவனோடு ஒத்துவராமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்ற நாத்தனாரை எந்த அண்ணி சிரித்த முகத்தோடு உள்ளே விடுவாள்? இவரும் ஒன்றும் சிரிக்கவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "உனக்கு வாய் அதிகம். வீட்டுல இருந்தா என்கிட்டதான் சண்டை போடுவ. கிளினிக்ல உக்காந்து வர்றவங்ககிட்ட பேசு" என்று வரவேற்பு மேஜையில் உட்காரவைத்தார். என் வாய்க்கு அதுவரை யாரும் அத்தனை மரியாதை கொடுத்ததில்லை.

கிளினிக் இருந்த இடம் முன்னால் செருப்புக் கடை. சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஓடிய கண்ணாடியை அண்ணி கழற்றவில்லை. வருகிறவர்களை அதன் முன்னால் செருப்பில்லாமல் நிற்கச் சொல்வார். எந்தக் காலில் பாரம் போகிறது, எந்தக் குதிகால் தரையைத் தொடாமல் ஏமாற்றுகிறது என்று கண்ணாடியில் பார்ப்பார். உள்ளறையில் ஒரே ஒரு மேஜை. அண்ணி வாங்கிய பொருள்களிலேயே உருப்படியானது அதுதான். அதன் நடுப்பலகை கீழே இறங்கும். கர்ப்பிணிகள் குப்புறப் படுத்தால் வயிறு அந்தப் பள்ளத்துக்குள் பத்திரமாக இறங்கிக்கொள்ளும். மார்புக்கும் இடுப்புக்கும் மெத்தை தாங்கல் கொடுக்கும்.

அந்த மேஜைக்காகவே வந்தார்கள் கர்ப்பிணிகள். மாதக்கணக்கில் இடது பக்கமே படுத்துச் சலித்தவர்கள், குப்புறப் படுப்பது எப்படி இருக்கும் என்பதையே மறந்துபோனவர்கள். அண்ணி அவர்களுக்குச் சொடக்கே எடுக்க மாட்டார். உள்ளங்கையால் இடுப்பின் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிப்பார், முக்கோண மெத்தையை வைத்து எலும்பைத் தானாக இறங்கவிடுவார், அவ்வளவுதான். வேலை முடிந்ததும் விளக்கைக் குறைத்துவிட்டு, "பத்து நிமிஷம் அப்படியே இரு" என்று வெளியே வந்துவிடுவார். அந்தப் பத்து நிமிடம் அவர் கொடுக்கிற உபரி. ஒருத்தி குறட்டை விட்டதில், வெளியே உட்கார்ந்திருந்த அவள் மாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஒவ்வொரு தடவையும் மேஜையில் ஏறுவதற்கு முன் அண்ணி நான்கு கேள்விகள் கேட்பார். ரத்தம் பட்டதா, நீர் கசிந்ததா, காய்ச்சல் உண்டா, குழந்தை அசைகிறதா. பதிலைத் தன் கையாலேயே அவர்கள் அட்டையில் எழுதி, என்னிடம் கொடுப்பார். ஒரு பதில் தப்பாக இருந்தாலும் மேஜை கிடையாது, நேரே ஆஸ்பத்திரி. கெஞ்சினாலும் அழுதாலும் அண்ணி மசிய மாட்டார்.

ஐந்தாவது கட்டளை ஒன்றும் இருந்தது. அது அட்டையில் இல்லை. வயிற்றில் கை வைக்கக் கூடாது.

அதற்குக் காரணம் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற பெரிய டாக்டரம்மா. ஆரம்ப நாட்களில் அண்ணி ஒரு பெண்ணின் வயிற்றைத் தடவிப் பார்த்து, "தலை மேல இருக்கிற மாதிரி தெரியுது, டாக்டர்கிட்ட கேளு" என்று அனுப்பிவிட்டார். அந்தப் பெண் நேராகப் போய், குழந்தை ஏடாகூடமாகத் திரும்பிவிட்டது என்று சொடக்கு டாக்டர் சொன்னதாக ஒப்பித்துவிட்டாள். பெரிய டாக்டரம்மா போனில் பிடித்த பிடி என் வரவேற்பு மேஜை வரைக்கும் கேட்டது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்ற பழமொழியையும் அவர் விட்டுவைக்கவில்லை. முதுகு உங்களுடையது, வயிறு என்னுடையது, அதில் இன்னொரு தடவை கை பட்டால் ஒரு நோயாளியையும் அனுப்ப மாட்டேன் என்றார். அண்ணி எதிர்த்துப் பேசவில்லை. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து பதினோரு வருடம் அண்ணியின் கை இடுப்பெலும்பைத் தாண்டி முன்னால் போனதே இல்லை. பெரிய டாக்டரம்மாவும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். முதுகு வலி என்று யார் வந்தாலும் சீட்டு எழுதி எங்களிடம் அனுப்பினார்.

அப்படிச் சீட்டோடு வந்தவள்தான் டீச்சர். டீச்சர் என்றாலும் இருபத்தாறு வயதுப் பெண், அதனால் அவள் என்றே சொல்கிறேன். மழலையர் பள்ளியில் வேலை. நாள் முழுக்க சாண் உயர நாற்காலிகளுக்கு நடுவில் குனிந்து நிமிர வேண்டும், அழுகிற பிள்ளையைத் தூக்க வேண்டும். வலது பக்க இடுப்பு மூட்டில் வலி. முதல் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான்காவது தடவை கைப்பையை ஆட்டிக்கொண்டு வந்தாள். புருஷன் பஸ் டிரைவர். டீச்சரை இறக்கிவிட்டுத் திரும்ப வந்து கூட்டிப்போவார். பிள்ளை பிறந்தால் முதல் சவாரி தன் பஸ்ஸில்தான் என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அவரும் என்னைப் போல வாய்க்காரர். எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

ஏழாவது தடவை அவள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். முப்பத்து நான்காவது வாரம். காலை பதினொரு மணி, தனியாக, டாக்சியில். காலையிலிருந்து முதுகு தாங்க முடியவில்லை, பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன், கொஞ்ச நேரம் அந்த மேஜையில் படுத்தால் போதும் என்றாள். முகத்தில் வியர்வை. வெயிலில் வந்திருக்கிறாள் என்று நினைத்து மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.

அண்ணி நான்கு கேள்விகளையும் கேட்டார். ரத்தம் இல்லை. நீர் இல்லை. காய்ச்சல் இல்லை. அசைகிறதா என்றதற்கு, "அசையுது அக்கா" என்றாள். அண்ணி எழுதினார். அட்டையை வாங்கி இழுப்பறையில் போட்டேன்.

மேஜையில் என்ன நடந்தது என்று அண்ணி பிறகு எனக்கு வரிவரியாகச் சொல்லியிருக்கிறார். முதுகுத் தசை பலகை மாதிரி இறுகியிருந்தது. வழக்கமான இடத்தில் அழுத்தினால் வழக்கமாகத் தளரும், அன்று தளரவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டபோது பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறாள். இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தால் விட்டுவிடும் என்று அண்ணி நினைத்தார். விளக்கைக் குறைத்துவிட்டு வெளியே வந்தார். பத்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்து பார்த்தார். கண்ணை மூடி அசையாமல் கிடந்தாள். தூங்குகிறாள் பாவம், தூங்கட்டும் என்று சாத்திவிட்டார். எத்தனையோ பேரை அப்படித் தூங்கவிட்டிருக்கிறார். மொத்தம் இருபத்தைந்து நிமிடம்.

அவளே எழுந்து உட்கார முயற்சி செய்கிற சத்தம் கேட்டு அண்ணி உள்ளே போனார். உதடு வெளுத்திருந்தது. மேஜை ஓரத்திலேயே வாந்தி எடுத்தாள். தாங்கிப் பிடித்த அண்ணி, பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, கையை முன்னால் கொண்டுபோய் வயிற்றில் வைத்தார். அப்படியே என்னைக் கூப்பிட்டார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"வண்டி கூப்பிடு. வயிறு கல்லு மாதிரி இருக்கு."

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. டயர் கடைக்காரர்தான் தன் வண்டியைக் கொண்டுவந்தார். அண்ணி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

டீச்சர் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. ஆண் குழந்தை. நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரிலிருந்து பிரிந்து, ரத்தம் வெளியே ஒரு சொட்டும் வராமல் உள்ளேயே தேங்கியிருந்தது. பின்பக்கச் சுவரில் ஒட்டியிருந்த நஞ்சுக்கொடி என்பதால் வலி முதுகில் தெரிந்திருக்கிறது. அண்ணி செய்த எதனாலும் இது வரவில்லை என்று பெரிய டாக்டரம்மாவே சொன்னார். ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். காலையிலேயே வந்திருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம். குழந்தையின் உயிர் போனது அந்த இருபத்தைந்து நிமிடத்துக்கு முன்பா பின்பா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் அண்ணி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். அண்ணன் தடுத்துப் பார்த்தான். அவன் மின்சார வாரியத்தில் மீட்டர் பார்க்கிறவன், எதற்கும் ஆதாரம் கேட்கிறவன். கேள்வி கேட்டது அட்டையில் இருக்கிறது, அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிரு என்றான். அண்ணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் கூடப் போனேன். அவள் கட்டிலை மறைத்திருந்த திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

அண்ணி சுற்றி வளைக்கவில்லை. வந்தவுடனே வயிற்றில் கை வைத்துப் பார்த்திருக்க வேண்டும், வைத்திருந்தால் தெரிந்திருக்கும், வைக்கவில்லை என்று சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொன்னாரா என்று எனக்கு நினைவில்லை. பிறகு டீச்சர் பேசினாள்.

"காலைல அஞ்சு மணியிலேர்ந்தே அசையல அக்கா. நீங்க கேட்டப்போ நான்தான் பொய் சொன்னேன்."

ஏன் என்று அண்ணி கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். அதற்கு முன் இரண்டு தடவை குழந்தை அசையவில்லை என்று பயந்து, புருஷனை லீவு போடவைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். இரண்டு தடவையும் கட்டிலில் படுத்ததுமே குழந்தை உதைக்க ஆரம்பித்துவிட்டது. நர்சுகள் சிரித்தார்கள். புருஷன் திரும்பி வருகிற வழியெல்லாம் புலி வருது, புலி வருது என்று கேலி செய்தார். வீட்டுக்கு வந்தவர்களிடமும் சொல்லிச் சிரித்தார். அசையவில்லை என்று சொன்னால் அண்ணி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார், மூன்றாவது தடவையும் அதே கேலிதான். முதுகு வலி விட்டால் குழந்தை தானாக அசையும் என்று நினைத்துக்கொண்டாள்.

"அவருக்குத் தெரிஞ்சா நான் அந்த வீட்டுல இருக்க முடியாது" என்றாள். "சொல்லிடாதீங்க."

அண்ணி சொல்ல மாட்டேன் என்றார். நான் திரைக்குப் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. குழந்தையைப் பறிகொடுத்துப் பால் கட்டிக்கொண்டு படுத்திருக்கிற பெண் மேல் எப்படிக் கோபப்படலாம் என்று நீங்கள் கேட்கலாம். வந்தது, அவ்வளவுதான்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அந்த வாரமே வரவேண்டியவர்களில் பாதிப் பேர் வரவில்லை. பெரிய டாக்டரம்மாவின் சீட்டு நின்றது. யாராவது வழி கேட்டால் டயர் கடைக்காரர் இப்போது விரலைச் சொடுக்குவதில்லை. அண்ணி மட்டும் தினமும் ஒன்பது மணிக்கு வந்து, மேஜையின் காகித விரிப்பை மாற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

பதினெட்டாம் நாள் டிரைவர் வந்தார். காக்கிச் சட்டையோடு, டிப்போவிலிருந்து நேராக வந்திருந்தார். முகம் சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. காத்திருந்த கிழவர் ஒருவரும் கழுத்துப் பட்டை போட்ட ஒரு பெண்ணும் பத்திரிகையைக் கீழே இறக்கினார்கள். அடிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் அண்ணியைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டார்.

"காலையிலேயே அசைவு நின்னிருக்கலாம்னு டாக்டர் சொல்றாங்க. அன்னிக்கு அவகிட்ட குழந்தை அசையுதான்னு நீங்க கேட்டீங்களா?"

எனக்கு நெஞ்சு லேசானது. இதோ கேட்டுவிட்டார், அட்டை இருக்கிறது, எடுத்து நீட்டினால் எல்லாம் முடிந்தது, கிளினிக் பிழைத்தது என்று நினைத்தேன். அண்ணி டிரைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கல" என்றார்.

டிரைவர் என் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு தடவையும் அட்டையில் எழுதுவீர்களே, அன்றைக்கு எழுதியிருப்பீர்களே என்றார். அட்டை என் இடது கைக்கு நேர் கீழே, இழுப்பறையில் முதலாவதாக இருந்தது. அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால், கண்ணைக் காட்டியிருந்தால், வீம்புக்காகவாவது நான் எதிர்த்திருப்பேன். எனக்குத் திரைக்கு அந்தப் பக்கம் கேட்ட குரல் ஞாபகம் வந்தது.

"அன்னிக்கு எழுதல. கூட்டம்" என்றேன். என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே சின்னப் பேச்சு அதுதான்.

அவர் கத்தவில்லை. அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பதினெட்டு நாளாக அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, தெரிந்தும் மறைத்துவிட்டாளோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது, சோறு கூட ஒன்றாகச் சாப்பிடவில்லை என்றார். அவள் மேல் தப்பில்லை, தப்பில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எழுந்தபோது அண்ணியைப் பார்த்த பார்வை வேறு மாதிரி இருந்தது. வெறுப்பதற்கு ஒரு ஆள் கிடைத்துவிட்ட நிம்மதியை நான் அன்றுதான் பார்த்தேன்.

அவர் போனதும் காத்திருந்த இருவரும் போய்விட்டார்கள். நான் உள்ளறைக்குப் போய் அண்ணியைப் பிடித்து உலுக்காத குறையாகச் சண்டை போட்டேன். செய்யாத குற்றத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ள நீங்கள் என்ன பெரிய தியாகியா, அண்ணனுக்கு என்ன பதில் சொல்வீர்கள், என்னையும் பொய் சொல்லவைத்தீர்களே என்று கத்தினேன். அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தியாகமெல்லாம் இல்ல. அவ பயத்துல பொய் சொன்னா. நான் டாக்டரம்மாவுக்குப் பயந்து கையை வெக்கல. கை வெச்சிருந்தா அவ என்ன சொன்னாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். "அவ அந்த மனுஷனோடதான் இருந்தாகணும். அட்டையைக் கொடு."

கொடுத்தேன். நான்காகக் கிழித்து, காகித விரிப்புகளைப் போடுகிற கூடையில் போட்டார். எனக்கு அழுகை வந்தது. அதுவரை நாங்கள் போட்ட சண்டையிலெல்லாம் நான்தான் ஜெயித்திருக்கிறேன்.

இரண்டு வாரம் கழித்து, உரிமம் கொடுக்கிற கவுன்சிலிலிருந்து பதிவுத் தபால் வந்தது. உள்ளே புகாரின் நகல். கர்ப்பிணியிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமலும் எதையும் பதிவு செய்யாமலும் சிகிச்சை அளித்ததாக டிரைவர் எழுதியிருந்தார். எல்லாம் நாங்கள் சொன்னதுதான். அவர் கையெழுத்துக்குக் கீழே, பிள்ளைகளுக்கு எழுதிப் போடுகிற குண்டு குண்டான எழுத்தில், டீச்சர் தன் கையாலேயே ஒரு வரி சேர்த்திருந்தாள். "என்னிடம் எதுவும் கேட்கவில்லை." அதற்குக் கீழே அவள் கையெழுத்து.

நான் அந்தத் தாளைக் கசக்கப் போனேன். அண்ணி என் கையிலிருந்து வாங்கி, மேஜையில் வைத்துத் தேய்த்து நேராக்கினார்.

"அவ வேற என்ன எழுத முடியும்?" என்றார்.

பதில் அனுப்ப முப்பது நாள் கொடுத்திருந்தார்கள். அண்ணி அரை மணி நேரத்தில் எழுதி முடித்தார். புகாரில் உள்ளது சரி என்று ஒரே வரி, கீழே பெயர், உரிம எண். உறையை ஒட்டி என்னிடம் கொடுத்தார். நான்தான் கொண்டுபோய்த் தபாலில் போட்டேன்.